மோதும் ஷரத்துகள்: மொழிக் கருவியோடு இரண்டு வருடம்

கோவையில் வக்கீலாக இருக்கிறேன். குடோன் வாடகை, கிரயம், சப்ளை என்று ஒப்பந்தங்கள் தினமும் மேசைக்கு வரும். ஒன்றோடொன்று மோதும் ஷரத்துகளைத் தேட ஒரு ஏஐ கருவியை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். கட்சிக்காரர் பெயர், விலாசம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பேன்.

முதலில் முழு ஒப்பந்தத்தையும் கொடுத்து, "முரண்பாடு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் நீளமாக வரும், பாதி உதவாது. "9-ஆம் ஷரத்துக்கு உட்பட்டு" என்று தொடங்கும் விதிவிலக்கையும் முரண்பாடு என்று காட்டும். அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட 'கான்ட்ராக்ட்என்எல்ஐ' ஆய்வைப் படித்தேன். 607 ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஒப்பந்தம் அதை ஏற்கிறதா, மறுக்கிறதா, பேசவே இல்லையா என்று பார்க்கும் முறை. விதிவிலக்கு வழியாக வரும் மறுப்பு கருவிகளுக்குச் சிரமம் தருகிறது என்று அதிலும் சொல்லியிருந்தார்கள்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். ஒரு குடோன் ஒப்பந்தத்தில், "வாடகைதாரர் எப்போது வேண்டுமானாலும் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம்" என்ற ஒரே வாக்கியத்தைக் கொடுத்து, ஷரத்து ஷரத்தாகப் பார்க்கச் சொன்னேன். 7-ஆம் ஷரத்து ஏற்கிறது. 22-ஆம் ஷரத்தோ, 24 மாதத்துக்குள் போனால் மீதி வாடகை முழுவதையும் கட்டு என்கிறது. இரண்டு மாதிரிப் படிவங்களை ஒட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை படித்தும் கண்ணில் படவில்லை. கட்சிக்காரர் அட்வான்ஸ் பணத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

எண்களிலும் கெட்டி. ஒரு கிரய ஒப்பந்தத்தில் 5½ சென்ட், சொத்து விவரத்தில் 2,400 சதுர அடி. சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பெருக்கினால் 2,395.8 தான். நான்கு அடி வித்தியாசம்தான், ஆனாலும் எல்லைத் தகராறு வந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

பழைய தமிழ்ப் பத்திரங்களில் திணறுகிறது. "ஷை நபர்", "ஷை சொத்து" (ஷை என்றால் மேற்படி) என்று வரும்போது யார், எது என்று பல முறை மாற்றிப் புரிந்துகொள்கிறது. ஸ்கேன் மங்கலாக இருந்தால் சர்வே எண்ணே தப்பாகிவிடும். அவற்றை ஜூனியர் வாசிக்க, நான் மூலத்தோடு ஒப்பிடுகிறேன்.

எந்த ஷரத்து செல்லும் என்று கருவியிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். பத்திரத்தில் முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்கவே முடியாமல் மோதினால் முன்னால் உள்ளது நிற்கும் என்று ராம்கிஷோர்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலில் பின்னால் உள்ளது நிற்கும், வாரிசுரிமைச் சட்டம் 88-ஆம் பிரிவு. கருவி இரண்டையும் ஒரே மாதிரி பேசியது. குடோன் விஷயத்தில் 22-ஐ அடித்துவிட்டு, இரு தரப்பும் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அட்வான்ஸ் கைமாறியது.