இசட் புள்ளி குறைந்த பிள்ளைகளைத் தேடி வரும் ‘மருத்துவ அனுமதி’

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் யாழ்ப்பாணத்து மதில்களில் இரண்டு விதமான சுவரொட்டிகள் ஏறும். ஒன்று, மாவட்ட நிலை பெற்ற பிள்ளைகளின் படங்களோடு தனியார் கல்வி நிலையங்கள் ஒட்டுவது. மற்றது, அந்தப் படங்களில் இடம்பெறாத பிள்ளைகளுக்கானது: ‘இசட் புள்ளி தேவையில்லை, மூன்று பாடச் சித்தி போதும், வெளிநாட்டில் மருத்துவம்.’ இந்த இரண்டாவது சுவரொட்டியின் பின்னால் போன எங்கள் வீட்டுக் காசைப் பற்றித்தான் எழுதுகிறேன். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் அதை ஒட்டிய முகவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பயன் இல்லை. அடுத்த பெறுபேறு வருவதற்குள் பெயர்ப்பலகை மாறிவிடும்.

தம்பி உயிரியல் பிரிவில் மூன்றாவது தடவையும் எழுதி, ஒரு பி, இரண்டு சி எடுத்தான். பல்கலைக்கழக அனுமதிக்கு அதற்குமேல் தடவை கிடையாது. பெறுபேற்றைப் பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இங்கே அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி, அதாவது ஒவ்வொரு பாடத்திலும் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கில் தம்பியின் புள்ளி மருத்துவத்துக்குக் கிட்டவும் வராது. கொக்குவில் ஆடியபாதம் வீதியில் மருத்துவ பீட வாசலைத் தாண்டித்தான் அவன் சைக்கிளில் ரியூசனுக்குப் போய்வந்தான். அந்த ஆசை எளிதில் விடுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இசட் புள்ளி தேவையில்லை என்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை முன்னால் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் மறைப்பதுதான் இவர்களின் தொழில்.

நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். அம்மாவும் தம்பியும் அந்த நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்த முகவரோடு கதைத்தார்கள். குளிரூட்டிய அறை, மேசையில் நாலைந்து நாடுகளின் கொடிகள், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். “அன்ரி, நாங்கள் அரசாங்கப் பதிவு பெற்ற நிறுவனம்” என்று அந்த மனிதர் அதைக் காட்டியிருக்கிறார். பிறகு நான் போய்ப் பார்த்தேன். வணிகப் பெயர்ப் பதிவுச் சான்று. தேநீர்க் கடை போடுகிறவருக்கும் அதே தாள்தான் கிடைக்கும்.

அடுத்தது ‘உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம்’. கேட்டவுடன் யாருக்கும் வாய் அடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கான உலகப் பெயர்க்கோவை ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அங்கே படித்துவிட்டு வந்து இலங்கையில் வைத்தியராகப் பதிவதற்கு இலங்கை மருத்துவச் சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்க வேண்டும். சபை தான் ஏற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. போகிற பிள்ளையின் உயர்தரப் பெறுபேற்றுக்கும் குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறது. பட்டம் எடுத்து வந்த பிறகும் ஈ.ஆர்.பி.எம். என்ற பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். “திரும்பி வந்ததும் நேரே உள்ளகப் பயிற்சிதான்” என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது பச்சைப் பொய்.

முதல் தவணை 9 இலட்சம். கனடாவில் இருக்கும் மாமா அனுப்பியது பாதி, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்தது மீதி. பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு. கொடுத்த ரசீது உள்ளங்கை அளவுதான். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. ‘ஆலோசனைச் சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி, கீழே சிறிய எழுத்தில் ‘மீளளிக்கப்படமாட்டாது’. கையெழுத்து ஒரு சுழி. அந்தச் சுழியை வைத்து யார் எழுதியது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அனுமதிக் கடிதம் வந்தபோதுதான் நான் முதல் தடவையாக எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். தடித்த தாள், தங்க நிற முத்திரை. மருத்துவச் சபையின் பட்டியலில் இருந்தது அந்த நகரத்தின் ‘அரச மருத்துவப் பல்கலைக்கழகம்’. கடிதத்தில் இருந்தது அதே நகரத்தின் ‘சர்வதேச மருத்துவப் பல்கலைக்கழகம்’. அலுவலகத்தில் காட்டிய பட்டியலின் அச்சுப்பிரதியிலும் முதல் பெயரைத்தான் மஞ்சள் நிறத்தில் கோடிட்டிருந்தார்கள். கடிதத்தின் இரண்டாம் பந்தியை வாசித்தால் இன்னொன்று: அனுமதி மருத்துவப் படிப்புக்கே இல்லை, ஓராண்டு மொழி ஆயத்தக் கற்கைக்கு. அது முடிந்த பிறகு மருத்துவத்துக்கு ‘விண்ணப்பிக்கலாம்’.

காசு போனதைவிட எனக்குக் கொதிப்பு வேறொன்றில்தான். இங்குள்ள பல்கலைக்கழக அனுமதியைக் கவனிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரிய காலத்தில், தம்பியை விண்ணப்பிக்க வேண்டாம் என்று அந்த மனிதர் தடுத்திருக்கிறார். இரண்டு இடத்தில் விண்ணப்பித்தால் வீசா சிக்கலாகும் என்று சொல்லி, பெறுபேற்றுச் சான்றிதழின் மூலப்பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டார். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் இன்னொரு நாட்டின் வீசாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல் இருக்கிறது, மருந்தகவியல் இருக்கிறது, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது, கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. இவற்றில் ஏதாவது தம்பிக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை. விண்ணப்பமே போகவில்லை. மூன்றாம் தடவையும் முடிந்துவிட்டதால் இனிப் போகவும் போகாது.

காசைத் திருப்பிக் கேட்டபோது முதலில் ‘சேர் கொழும்பில்’, பிறகு ‘சேர் கூட்டத்தில்’. கடைசியில், பிள்ளை தானாக விலகினால் நிறுவனம் பொறுப்பில்லை என்று கையை விரித்தார்கள். மூலச் சான்றிதழைத் தருவதற்கு ‘கோப்பு முடிக்கும் கட்டணம்’ வேறு கேட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதப் போகிறோம் என்றதும் சான்றிதழ் அன்றே வந்தது. காசு வரவில்லை.

எங்கள் ஊரில் இது எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. யுத்த காலத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்ப ஏஜென்சிக்காரரிடம் வாய்ப் பேச்சை நம்பிக் காசு கட்டிப் பழகிய சனம் நாங்கள். அன்று எழுத்தில் கேட்க வழியில்லை. இன்று சட்டப்படி நடக்கிற ஒரு காரியத்துக்கும் அதே பழக்கத்தில் பொதி கட்டிக் கொடுக்கிறோம்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து நல்ல வைத்தியராக வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் போகட்டும். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து மருத்துவச் சபையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிள்ளையின் பெறுபேறு போதுமா என்று சபையிடமே எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வங்கி மூலம் நேரே அனுப்புங்கள். அதற்கு மறுக்கிற முகவரிடம் மேற்கொண்டு கதைக்க ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவராதீர்கள். ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தை யார் என்ன சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். நோயாளிகளோடு எந்த மொழியில் பேச வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் கிடக்கிறவர் ஆங்கிலம் பேசமாட்டார்.

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எங்களிடம் இருக்கிறது. சட்டத்தரணி ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதேபோல் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து வந்தால் வழக்குக்குப் பலம் என்கிறார். ‘ஆலோசனைச் சேவைக் கட்டணம்’ என்று எழுதிச் சுழி போட்ட ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால், கிழித்து எறியாமல், வங்கியில் பணம் கட்டிய துண்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.