ஒரே காரு, ஏற்காடும் போகணும் கரி டிராக்கும் போகணும்: கேம்பர் போல்ட்டா பிளேட்டா, பேடா பெரிய டிஸ்க்கா?

கையில ஒரு ஸ்விஃப்டோ ஐ20யோ இருக்கு, அதே வண்டியில தான் தினமும் சேலம் அஞ்சு ரோடு டிராஃபிக்ல போகணும், வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஏற்காடு போகணும், டிராக் டே (சொந்த வண்டிய ரேஸ் டிராக்ல ஓட்ட விடற நாள்) வந்தா கோயம்புத்தூர் தாண்டி செட்டிபாளையம் வரைக்கும் அதையே ஓட்டிட்டு போய் கரி மோட்டார் ஸ்பீட்வேல நாள் முழுக்க மிதிச்சிட்டு அதுலயே வீடு வந்து சேரணும். இந்த நிலைமைல லேப் டைம் குறைக்க காசு எங்க போடறது? நம்ம பசங்ககிட்ட இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்கற அளவு) மாத்தற போல்ட், நல்ல பேடு (டிஸ்க்க கவ்வற பிரேக் கட்டை), நல்ல பிரேக் ஆயில் போதும்னு சொல்ற கட்சி. இன்னொண்ணு கேம்பர் பிளேட், ரேஸ் பேடு, பெரிய டிஸ்க் கிட்னு எடுத்ததும் மேல போற கட்சி. நான் முதல் கட்சி, ஏன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சே பாத்துடலாம்.

முதல்ல அலைன்மெண்ட். நம்ம ஹேட்ச்பேக் எல்லாத்துலயும் முன்னாடி மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணா இருக்கற சஸ்பென்ஷன்) தான். வளைவுல பாடி சாயும்போது வெளிப்பக்க வீலும் கூடவே வெளிய சாஞ்சுடும், அத ஈடுகட்ற அளவுக்கு ஸ்ட்ரட்ல கேம்பர் தானா ஏறாது, கம்பெனி செட்டிங்கும் பூஜ்யத்துக்கு பக்கத்துல தான் இருக்கும். அதனால தான் ஸ்டாக் வண்டிய டிராக்ல ஓட்டிட்டு வந்து பாத்தா டயரோட வெளி ஓரம் பிச்சு எடுத்த மாதிரியும் உள் பாதி ஒண்ணும் ஆகாமலும் இருக்கு. நெகட்டிவ் கேம்பர், அதாவது வீலோட மேல்பக்கம் உள்ள சாயற மாதிரி வச்சா நேரா போகும்போது உள்ள சாஞ்சிருக்கற வீல் வளைவுல நிமிந்து வந்து முழு டயரும் தரையில உக்காரும், முன்னாடி இழுக்கற வண்டிங்கள்ல அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங் திருப்பினாலும் மூக்கு வளைவுக்கு வெளிய தள்ளிட்டு போறது) குறையறது அங்க தான்.

கேம்பர் போல்ட்ங்கறது ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (வீல் ஹப்ப தாங்கற இரும்பு) சேக்கற ரெண்டு போல்ட்ல ஒண்ண எடுத்துட்டு அந்த இடத்துல போடறது, அதோட தண்டுல ஒரு பக்கம் தள்ளின மேடு இருக்கும், திருப்ப திருப்ப வீலோட மேல்பக்கம் உள்ள வரும். இருக்கற செட்டிங்குக்கு மேல சுமார் ஒன்றரை டிகிரி வரைக்கும் கிடைக்கும். காசு கம்மி, சத்தம் கிடையாது, சாதா அலைன்மெண்ட் கடையிலயே போட்டுடலாம். குறைன்னா, இந்த போல்ட் பழைய போல்ட்ட விட ஒல்லி, டார்க் ரெஞ்ச் (இறுக்கற அளவ காட்டற ஸ்பேனர்) வச்சு சொன்ன அளவுக்கு இறுக்கலன்னா பெரிய பள்ளத்துலயோ டிராக் கெர்ப்லயோ ஏறி இறங்கும்போது நழுவிடும், அதனால போல்ட் தலையில ஒரு பெயிண்ட் கோடு போட்டு வச்சுக்குங்க, கோடு தள்ளியிருந்தா உடனே தெரிஞ்சுடும்.

கேம்பர் பிளேட் ஸ்ட்ரட்டோட மேல் மவுண்டுக்கு பதிலா வரும், ரெண்டரை மூணு டிகிரி கூட வாங்கலாம். ஆனா ரப்பர் இருந்த இடத்துல இரும்பு பேரிங் உக்காருது. டிராக்ல ஸ்டியரிங் சுத்தமா பேசும், நம்ம ஊர் ரோட்டுல அதே பேரிங்ல தூசியும் தண்ணியும் போயி சீக்கிரமே டொக் டொக்னு தட்ட ஆரம்பிச்சுடும். வண்டி டிராக்குக்கு மட்டும்னா கண்ண மூடிட்டு பிளேட் போடுங்க. தினமும் ஓட்ற வண்டிக்கு போல்ட்ல கிடைக்கற ஒன்றரையில இருந்து ரெண்டு டிகிரிக்குள்ள நெகட்டிவ் போதும், ரோடு டயர்ல அதுக்கு மேல போனா நேர் பிரேக்கிங்ல டயர் உள் ஓரத்துல மட்டும் நிக்கறதால பிடிப்பு குறைய ஆரம்பிக்கும்.

டோ, அதாவது மேல இருந்து பாத்தா முன் வீல் ரெண்டும் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு, இத தான் நிறைய பேர் விட்டுடறாங்க. கேம்பர் மாத்தினா டோவும் கூடவே மாறும், கேம்பர் முடிச்சிட்டு அப்புறம் தான் டை ராட (ஸ்டியரிங்க வீலோட சேக்கற கம்பி) தொடணும், இந்த வரிசை மாறினா செஞ்ச வேலை அத்தனையும் வீண். முன்னாடி லேசா டோ அவுட் (வீலோட முன்பக்கம் வெளிய பாக்கறது), ரெண்டு பக்கமும் சேத்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வச்சா ஸ்டியரிங் திருப்பின உடனே மூக்கு உள்ள போகும், அந்த சுகம் உண்மைதான். ஆனா சேலம் கோயம்புத்தூர் சுமார் 165 கிலோமீட்டர் அதே செட்டிங்ல போகும்போது ரோட்டுல லாரி போட்ட தடத்துல எல்லாம் வண்டி மோந்து மோந்து போகும், பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். டயர் உள்பக்கம் வேகமா தேயுதுன்னு கேம்பர திட்றவங்க முக்கால்வாசி பேரோட அலைன்மெண்ட் பிரிண்ட் அவுட்ட வாங்கி பாருங்க, டோ தான் தப்பா இருக்கும். என் ஓட்டு ஜீரோ டோவுக்கு. டிரைவர் சீட்ல உங்க எடைக்கு ஆள உக்கார வச்சு, டேங்க் பாதி வச்சு அலைன்மெண்ட் பண்ண சொல்லுங்க, "மெஷின்ல பச்சை வந்துடுச்சு சார், போதும்"னு கடைக்காரர் சொன்னா அந்த பச்சை கம்பெனி அளவு, நம்ம அளவு வேறன்னு பொறுமையா சொல்லி செய்ய வைங்க.

செட்டிங் சரியான்னு பாக்க பெரிய கருவி எதுவும் வேணாம், டயர் ஷோல்டர்ல சாக்பீஸால ட்ரெட்ல இருந்து சைடு வரைக்கும் நாலஞ்சு கோடு போட்டுட்டு ரெண்டு லேப் போய்ட்டு வந்து பாருங்க. கோடு சைடுவால்ல இருக்கற சின்ன முக்கோண குறி வரைக்கும் அழிஞ்சிருந்தா சரி, அதையும் தாண்டி அழிஞ்சிருந்தா காத்து கம்மி இல்ல கேம்பர் கம்மி, குறிக்கு ரொம்ப முன்னாடியே நின்னுருச்சுன்னா காத்து அதிகம்.

இப்ப பிரேக், எனக்கு ரொம்ப அக்கறையான இடம். நிறைய பேர் "ஏற்காட்டுல இருந்து இருபது ஹேர்பின்னும் இறங்கியிருக்கேன், பிரேக் ஒண்ணும் ஆகல, டிராக்லயும் தாங்கும்"னு சொல்லுவாங்க. கணக்கு போட்டு பாப்போம். 1000 கிலோ வண்டி, மேல இருந்து அடிவாரத்துக்கு கிட்டத்தட்ட 1,200 மீட்டர் இறங்குது. டிராக்ல அதே வண்டி 120ல இருந்து 60க்கு ஒரு தடவ பிரேக் அடிச்சாலே, 120ல இருந்த சக்தியில முக்கால் பங்கு சூடா மாறிடுது, ஏன்னா ஸ்பீடு பாதியானா சக்தி கால் பங்கு தான் மிஞ்சும். அப்படிப்பட்ட பிரேக்கிங் ஒரு இருபத்தெட்டு அடிச்சா மலை முழுசும் இறங்கின சக்திக்கு சமம். லேப்புக்கு நாலு பெரிய பிரேக்கிங்னு வச்சாலும் ஏழு லேப் தான். மலையில அந்த சூடு அரை மணி முக்கால் மணி நேரத்துல பரவுது, ரெண்டாவது கியர்ல இறங்கினா பெரும்பகுதிய இஞ்சினே வாங்கிக்குது, டிராக்ல மொத்தமும் சில நிமிஷத்துல, அதுலயும் பெரும்பாலும் முன்னாடி ரெண்டு டிஸ்க்ல இறங்குது. கரி டிராக் நீளம் 2.1 கிலோமீட்டர் தான், ஒரு பிரேக்கிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆறறதுக்கு நேரமே கிடைக்காது.

அந்த சூட்டுல ரெண்டு விதமா பிரேக் போகும், எதுன்னு காலுக்கு தெரியணும். பெடல் கல்லு மாதிரி நிக்குது ஆனா வண்டி நிக்கலன்னா பேடு கருகிடுச்சு. பெடல் மெத்துன்னு கீழ போகுதுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு லைன்ல ஆவி வந்துடுச்சு, இது தான் ஆபத்து. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். ஆயிலோட தரத்த டாட்னு நம்பர் போட்டு சொல்லுவாங்க, டாட் 3க்கு விதிப்படி புதுசுல குறைந்தபட்ச கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறினா 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதுசுல 312. அதாவது ரெண்டு மூணு வருஷமா மாத்தாத டாட் 4 ஒரு புது டாட் 3ய விட மோசமா இருக்கலாம். டாட் 5 மட்டும் வாங்கிடாதீங்க, அது சிலிக்கான், நம்ம சிஸ்டத்துல கலக்கக் கூடாது. ரேஸ் ஆயிலா டாட் 5.1ஆன்னா, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு டிராக் டே போறவங்களுக்கு புதுசா அடைச்ச டாட் 5.1 போதும், அடிக்கடி போறவங்க ரேஸ் ஆயில் போட்டுட்டு ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னாடியும் ப்ளீட் பண்ணுங்க, அதாவது லைன்ல இருக்கற பழைய ஆயிலையும் காத்தையும் வெளிய எடுங்க. கண்ணாடி ட்யூபு மாட்டி ப்ளீட் பண்ணும்போது பழுப்பு ஆயில் போயி வெளிர் மஞ்சள் வரணும், கடுகு சைஸ் குமிழி கூட வராம ஆகற வரைக்கும் நிப்பிள மூடாதீங்க.

பேடுல ஸ்போர்ட் பேடா ரேஸ் பேடா? ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி நடுத்தர பேடு 20 டிகிரில இருந்து 500 வரைக்கும் வேலை செய்யும்னு கம்பெனி சொல்லுது, உங்க காருக்கு அந்த ஷேப் வருதான்னு மட்டும் பாத்துக்குங்க. முழு ரேஸ் பேடு சூட்ட தாங்கறதுல ராஜா, ஆனா குளுந்து இருக்கும்போது கடிக்காது. மார்கழி காலையில ஏற்காட்டுல பனிக்குள்ள வண்டிய எடுத்து இறங்கறோம், மேல இருந்து முதல் ஹேர்பின்ல எதிர்ல பஸ் திரும்புது, அந்த நேரத்துல பேடு இன்னும் சூடாகலன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. வீட்டு ஆளுங்க உக்கார்ற வண்டில ரேஸ் பேட விட்டு வைக்கறது சரியில்லங்க. டிராக்ல போய் மாத்திட்டு திரும்பும்போது கழட்டிடுவேன்னா தாராளமா போடுங்க.

பெரிய டிஸ்க் கிட் பத்தி சுருக்கமா. ஸ்டாக் பிரேக்லயே ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னா நிறுத்தற எல்லை டயர் தான், டிஸ்க் பெருசானதால அந்த ஒரு பிரேக்கிங் தூரம் குறையாது. கிடைக்கறது சூட்ட உள்வாங்கற கொள்ளளவு மட்டும். அதுக்கு பதிலா வீல் கனம் கூடும், 14 இஞ்ச் வீல் மாட்டாது, முன்னாடி மட்டும் பலம் ஏறி பின்னாடி டிரம் சும்மா கூட வரும். அதே சூட்டுக்கு ஃபாக் லேம்ப் ஓட்டைல இருந்து ஒரு ஹோஸ் இழுத்து டிஸ்க்கோட நடுப்பக்கம் காத்து விடறது பாதி விலை கூட இல்ல, வென்டிலேட்டட் டிஸ்க் நடுவுல இருந்து காத்த இழுத்து ஓரம் வழியா தள்ற மாதிரி தான் செஞ்சிருக்காங்க, அதனால ஹோஸ் வாய் டிஸ்க் முகத்த பாத்து இல்லாம ஹப் பக்கம் இருக்கணும்.

சின்ன இஞ்சின் வண்டில செட்டப்புக்கு என்ன மரியாதைன்னு அந்த டிராக்கோட பேரே சொல்லும். 1995ல விமான விபத்துல இறந்துபோன கரிவர்தன் நினைவா வச்ச பேரு அது, மாருதி 800 இஞ்சின வச்சு ஃபார்முலா மாருதிங்கற ஒத்த சீட் ரேஸ் கார கொண்டு வந்தவர், நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா 1க்கு போறதுக்கு ரொம்ப முன்னாடி ஓட்டினது அந்த மாதிரி வண்டி தான்.

ஆக கையில காசு எவ்ளோ இருந்தாலும் நான் செலவு பண்ற வரிசை இது தான்: ஆயில், பேடு, கேம்பர் போல்ட்டோட அலைன்மெண்ட், அப்புறம் நல்ல டயர், அதுக்கப்புறம் காத்து ஹோஸ். புது பேடு போட்டா பைபாஸ்ல ஆள் இல்லாத நேரமா பாத்து 80ல இருந்து 20 வரைக்கும் முழுசா நிறுத்தாம எட்டு பத்து தடவ படிப்படியா அழுத்தி பழக்குங்க. மலை ரோட்டுல இத பண்ணாதீங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடவேண்டிய இடம் அது.

டிராக்ல ஒவ்வொரு செஷனோட கடைசி லேப்பும் பிரேக்க முடிஞ்ச அளவு தொடாம வாங்க, உள்ள வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டு வீலுக்கு கல்லு வைங்க. வீட்டுக்கு வந்த மறுநாள் முன் வீல் ரெண்டையும் கழட்டி பேடு கனம் பாருங்க, உள்பக்க பேடு தான் பெரும்பாலும் முதல்ல தேயும், மூணு மில்லிமீட்டருக்கு வந்துட்டா அடுத்த ஏற்காடு ட்ரிப்புக்கு முன்னாடியே மாத்திடுங்க.