ஏர்லாக்னு சொல்லி ஓட்டை மூடி வித்துட்டாங்க: 7,480 ரூபாய் போச்சு, உஷார்!

ஆத்திரத்தோடதான் எழுதுறோம், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. புளிக்க வைக்கிற சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. சமூக வலைதளத்துல பக்கம், வாட்ஸ்அப்ல ஆர்டர், முழுப்பணமும் முன்கூட்டியே யூபிஐல. அந்த வகை. பேரைப் போடல. இன்னிக்கு ஒரு பேர்ல இருக்கிறவன் நாளைக்கு வேற பேர்ல வருவான். பொருளைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிஞ்சாதான் தப்பிக்க முடியும்.

வாங்கினது இதுதான். எஸ் வடிவ ஏர்லாக் 24, ஒண்ணு 95 ரூபாய். (ஏர்லாக்னா வாளி மூடியில மாட்டி, உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய். புளிக்கிறப்ப வர்ற வாயு தண்ணி வழியா குமிழியா வெளிய போகும், வெளிக்காத்து சும்மா உள்ள வராது.) 20 லிட்டர் வாளிக்குத் துளை போட்ட மூடி, ரப்பர் வாஷரோட, 24, ஒண்ணு 200. கூரியர் 400. மொத்தம் 7,480 ரூபாய். திருவையாறு, பாபநாசம் பக்கம் பச்சை மிளகாய், நெல்லிக்காய், வாழைத்தண்டு இதையெல்லாம் உப்புத் தண்ணியில புளிக்க வச்சு விக்கிற சின்னக் குழு நாங்க. மாவடுவுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. அதுல விழுற உப்புக்கு ஜாடி வாயில வேடு கட்டினாலே போதும். உப்பைக் குறைச்சுப் போடற சரக்குக்குத்தான் காத்து புகாத மூடி வேணும்.

நம்பினது எந்த இடத்துலன்னு சொல்லணும். போன்ல பேசினவன் வியாபாரி மாதிரியே பேசல. "அக்கா, உங்க ஊர்ல பகலுக்கும் ராத்திரிக்கும் சூடு எவ்வளவு மாறும்? அப்ப மூணு பாகம் உள்ளதை எடுக்காதீங்க, எஸ் டைப் எடுங்க"ன்னான். நூத்துக்கு நூறு சரியான பேச்சு. 20 லிட்டர் வாளியில 15 லிட்டர் சரக்கு போட்டா மேல 5 லிட்டர் காத்து நிக்கும். பகல்ல 35 டிகிரியில இருந்தது ராத்திரி 28-க்கு இறங்கினா அந்தக் காத்து நூறு மில்லிக்கு மேல சுருங்கும். மூணு பாக ஏர்லாக்கா இருந்தா உள்ள இருக்கிற கொஞ்சத் தண்ணியையும் வாளி உறிஞ்சிக்கும், காலையில ஏர்லாக் காலி. எஸ் டைப்ல ரெண்டு குமிழ், அதாவது உருண்டை அறை, இருக்கிறதால வெளிக்காத்து தண்ணி வழியா குமிழியாப் போகும், தண்ணி வாளிக்குள்ள விழாது. இதைத் தெரிஞ்சு பேசறவன் ஏமாத்துவான்னு யார் நினைப்பா?

அடுத்து ஒரு படம் அனுப்பினான். மூடியோட துளையில டிஜிட்டல் காலிப்பர், அதாவது துளை அகலத்தை அளக்கிற கருவி, வச்சிருக்கு, திரையில 12.7 மில்லிமீட்டர். அதாவது அரை அங்குலம். ஏர்லாக் தண்டு முக்கால் விரல் மொத்தம் கூட இருக்காது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அதுக்குப் போடற ரப்பர் வாஷர் அரை அங்குலத் துளையிலதான் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் போச்சு. 7,480.

பெட்டியில வந்த மூடியை அதே மாதிரி காலிப்பர் வச்சு அளந்தா 14-க்கு மேல. துளை வட்டமாக்கூட இல்ல, ஓரமெல்லாம் பிசிறு. வாஷரை மாட்டினா விரலால சுத்தி விடலாம், சும்மா சுத்துது. படத்துல இருந்த மூடி வேற எவன் மூடியோ!

வாஷர் சிலிக்கான்னு சொன்னான், வந்தது கறுப்பு ரப்பர், மண்ணெண்ணெய் வாடை. புளிப்பும் உப்பும் மிளகாய்க் காரமும் மாசக்கணக்குல அதுமேல ஆவியா அடிக்கப்போகுது, யோசிச்சுப் பாருங்க. மூடியோட உள்விளிம்புல ரப்பர் வளையம் உக்கார வேண்டிய பள்ளம் இருக்கு, வளையம் இல்ல. வாளி மூடியில அந்த வளையம் இல்லைன்னா, மேல எந்த ஏர்லாக்கை மாட்டினாலும் வாயு ஓரம் வழியாத்தான் போகும்.

ஏர்லாக்கே வேற கதை. எஸ் டைப்பை ரெண்டு பாதியா வார்த்து நடுவுல ஒட்டுவாங்க. அந்த ஒட்டு சரியில்லன்னா தண்ணி கண்ணுக்குத் தெரியாமக் கசியும். கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி காகிதத்து மேல நிக்க வச்சோம். பாதிக்கு மேல ஈரம் காட்டிச்சு. தண்ணி வத்தின ஏர்லாக், மூடியில இருக்கிற வெறும் ஓட்டை. பழ ஈ அது வழியாவே உள்ள போகும், போறப்ப வினிகர் பாக்டீரியாவையும் கால்ல ஒட்டிக்கிட்டுப் போகும். மேல மாட்டற தூசி மூடியும் பல ஏர்லாக்குக்கு வரல.

இனி அவன் சொன்ன சால்ஜாப்பு.

முதல்ல, "பபிள் வர டைம் எடுக்கும் அக்கா, வெயிட் பண்ணுங்க." எங்க ஊரு வெயில்லயா? உப்புத் தண்ணியில முதல்ல வேலை செய்யறது லூக்கோநாஸ்டாக் வகை பாக்டீரியா. கார்பன் டை ஆக்சைடை அள்ளி விடறதே அதுதான். அப்புறம்தான் புளிப்பைக் கூட்டுற லாக்டோபேசில்லஸ் வகைகள், அதுங்க காலத்துல வாயு குறைஞ்சிடும். 30 டிகிரிக்கு மேல நிக்கிற அறையில ஒண்ணு ரெண்டு நாள்ல வாயு கிளம்பணும். மிளகாய் அரைப்பு உள்ள பொங்கி மேல வந்து நிக்குது, ஏர்லாக் மட்டும் ஊமையா இருக்குன்னா வாயு வேற வழியில போகுதுன்னு அர்த்தம். குமிழி வந்தாலும் அதையே நம்பக் கூடாது, அது தனி விஷயம். வெயில் ஏறி உள்காத்து விரிஞ்சாலும் குமிழி வரும்.

அடுத்து, "சுத்தி எம்-சீல் போட்டுக்கங்க, இல்லன்னா கிரீஸ் தடவுங்க." சாப்பிடற சாமான்ல! அப்புறம், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" ஆர்டர் எடுக்கும்போது இப்படி ஒரு நிபந்தனை எங்கயும் இல்ல. அதுக்கப்புறம் குடோன் ஆள் லீவு. கடைசி வரைக்கும் பணம் திரும்பத் தரேன்னு ஒரு வார்த்தை இல்ல. அக்கா போய் மேடம் ஆச்சு.

விடாமக் கேட்டதும் வந்த பதில்தான் உச்சம்: "மேடம், ஏர்லாக் வைன் காய்ச்சறதுக்கு. போலீஸ்ல புகார் கொடுத்தா உங்களைத்தான் முதல்ல விசாரிப்பாங்க, பாத்துக்கங்க." மிரட்டுறானாம்! 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அனுமதியில்லாம மது தயாரிக்கிறதையும், மது தயாரிக்கன்னு சாமான் வச்சிருக்கிறதையும் தடுக்குது. நாங்க மது தயாரிக்கல. ஏர்லாக் ஒரு பிளாஸ்டிக் துண்டு. வைன் போடற ஊர்ல வைனுக்கு, பீர் போடற ஊர்ல பீருக்கு, இங்க உப்பு மிளகாய்க்கு. 10 கிலோ மிளகாய்க்கு 300 கிராம் உப்பு போட்டா அது லாக்டிக் அமிலமாப் புளிக்கும், சாராயம் ஆகாது. இந்தப் பயத்தை வச்சே எத்தனை பேரை வாயை மூட வச்சானோ. அதோட நம்பரை பிளாக் பண்ணிட்டான். அந்தப் பக்கம் ஓடுற தளத்துக்கு எழுதினா, "விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளவும்"னு இயந்திரம் பதில் சொல்லுது.

சரக்குக்கு என்ன ஆச்சுன்னும் கேப்பீங்க. மாட்டின வாளியில எல்லாம் மேல வெள்ளையா, சுருக்கம் விழுந்த ஆடை. அது காத்து பட்டா மட்டும் வளர்ற ஈஸ்ட். அதால நேரா விஷமில்ல. ஆனா உண்டான லாக்டிக் அமிலத்தையே அது தின்னுடும், புளிப்பு இறங்கி பிஎச் ஏறும். பிஎச் 4.6-க்குக் கீழ நிக்கிறதுதான் பாதுகாப்பு, அது மேல ஏறினா கெட்ட கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. ஓரத்துல பச்சையும் கறுப்பும் பூத்ததை வழிச்சுப் போட்டு விக்க எங்களுக்கு மனசு வரல, கொட்டிட்டோம். அந்த மிளகாய்க் காசு 7,480-ல சேராது.

இன்னொண்ணு இப்பதான் கவனிச்சோம். அதே பக்கத்துல "வினிகர் கிட்"னு போட்டு கடைசி வரைக்கும் ஏர்லாக் மாட்டச் சொல்லியிருக்கான். வினிகர் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாம வேலையே ஓடாது, அந்தக் கட்டத்துல துணி கட்டித் திறந்துதான் வைக்கணும். எவனோ சொன்னதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறவன்தான் இப்படி எழுதுவான்.

வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுத உக்காந்தோம், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. சட்டுனு சொல்லிடறோம்.

மொத்தமா வாங்காதீங்க, ஒண்ணே ஒண்ணு வாங்கிப் பாருங்க. மாட்டி, தண்ணி ஊத்தி, வாளி வயித்தை லேசா அமுக்கிப் பிடிங்க. ஒரு குமிழ்ல தண்ணி மட்டம் இறங்கி, இன்னொண்ணுல ஏறி, கையை எடுக்கிற வரைக்கும் அப்படியே நிக்கணும். அமுக்கிட்டிருக்கும்போதே பழைய மட்டத்துக்கு வந்தா கசிவு. எங்க கசியுதுன்னு சோப்புத் தண்ணியை பிரஷ்ல தொட்டு வாஷரைச் சுத்தியும் மூடி ஓரத்துலயும் தடவினாத் தெரிஞ்சிடும். ஏர்லாக்கைக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவாதீங்க, வளைஞ்சிடும். வெயில் காலத்துல உள்ள இருக்கிற தண்ணியை அடிக்கடி பாருங்க.

ஏர்லாக் இல்லைன்னு தவிக்கவும் வேண்டாம். உணவுக்கு ஏத்த டியூப் ஒண்ணை மூடியில இறுக்கமா விட்டு, மறுமுனையை ஒரு பாட்டில் தண்ணியில முக்கி வச்சா அதே வேலை நடக்கும். பொங்கி வழியற மிளகாய் அரைப்புக்கு இதுதான் மேல், அடைக்காது. பாட்டில் வாளியை விடத் தாழ்வா இருக்கணும், தண்ணியும் கொஞ்சமாத்தான் இருக்கணும்.

பணம் போச்சுன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பொருள் சரியில்லன்னா நுகர்வோர் உதவி எண் 1915. 2020-ஆம் வருஷத்து இணைய வணிக விதிப்படி, புகார் வந்த 48 மணி நேரத்துல வந்து சேர்ந்ததுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்வும் தரணும். குறைதீர்ப்பு அதிகாரி பேர், தொடர்பு எண் போடாத கடையில ஒரு ரூபாய் கூட முன்பணம் கட்டாதீங்க. காலிப்பர் படம் அனுப்பினா, அதே மூடியில அன்னிக்குத் தேதி எழுதி வேற படம் கேளுங்க. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. 7,480 ரூபாய்க்கான யூபிஐ ரசீதோட 1915-ல புகார் பதிஞ்சிருக்கோம். இதே மாதிரி 14 மில்லிமீட்டர் மூடி வந்தவங்க இருந்தா நீங்களும் பதியுங்க.