மேசியா வகுப்பு: கொடுத்த 1,200 ரூபாய்க்குத் தகுமா?

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவன், திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) எடுத்தவன், அதற்கப்புறம் கிறிஸ்மஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று ஆலயத்துக்குத் தலைகாட்டுகிறவன். அப்படிப்பட்ட ஆள் எதற்காக எட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளை ஜூமில் உட்கார்ந்து கழித்தான் என்றால், அலுவலகத்தில் ஒரு நண்பர் "கிறிஸ்துன்னா இயேசுவோட அப்பா பேரா?" என்று நிஜமாகவே கேட்டார், எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பதில் வரவில்லை. அந்த வாரமே வாட்ஸ்அப்பில் மேசியா பற்றிய இந்த வகுப்பின் நோட்டீஸ் வந்தது. ஆளுக்கு 1,200 ரூபாய், தமிழில், வாரம் ஒன்றரை மணி நேரம். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை.

முதல் வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. இயேசு பெயரே கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வந்தது. அதுவரை எண்ணெய், எண்ணெய், எண்ணெய். மேசியா என்ற எபிரெயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள், அதையே கிரேக்கத்தில் சொன்னால் கிறிஸ்து, அவ்வளவுதான். பலி செலுத்தும் ஆசாரியனுக்குத் தலையில் எண்ணெய், ராஜாவுக்கு எண்ணெய், எலிசாவை அபிஷேகம்பண்ணு என்று எலியாவுக்குக் கட்டளை. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் குகையில் தனியாக மாட்டியும் தாவீது கை வைக்காததற்குக் காரணம், சவுல் ராஜா கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன் என்பது, அங்கே இருப்பதும் இதே சொல்தான். இதையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது ஏசாயா 45:1. பெர்சியாவின் ராஜா கோரேசு, யூதனே இல்லை, இஸ்ரவேலின் கடவுளை அறியாதவன் என்று அதே அதிகாரம் சொல்கிறது, அவனையும் 'நான் அபிஷேகம்பண்ணின கோரேசு' என்கிறார் கர்த்தர். அப்படியென்றால் மேசியா என்பது முதலில் ஒரு பொறுப்பு, கடவுள் ஒருவரை ஒரு வேலைக்கென்று பிரித்து வைப்பது. இவ்வளவு வருஷம் அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், எண்ணெய் என் கண்ணில் படவே இல்லை.

நடத்திய ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை இன்னும் அப்படித்தான் சொல்வோம்) ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுவார். மாற்கு 8:29இல் பழையதில் பேதுரு 'நீர் கிறிஸ்து' என்கிறான், திருவிவிலியத்தில் 'நீர் மெசியா' என்கிறார். கிரேக்க மூலத்தில் புதிய ஏற்பாடு முழுக்க 'மெசியாஸ்' என்று அப்படியே வருவது இரண்டே இடம், இரண்டுமே யோவான் நற்செய்தியில், மற்ற எல்லா இடத்திலும் 'கிறிஸ்தோஸ்'தான். கிறிஸ்து என்று படித்துப் படித்து அது ஒரு பெயராகவே காதில் ஒட்டிவிட்டது, மெசியா என்று படித்தால் பட்டம் என்று உறைக்கிறது. நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு இங்கேயே கிடைத்துவிட்டது, காசில் பாதி அன்றைக்கே தேறியது.

மூன்றாவது வாரம்தான் இந்த வகுப்பின் உச்சம். அதே மாற்கு 8. பேதுரு சரியான பதிலைச் சொல்கிறான், உடனே இயேசு இதை யாரிடமும் சொல்லாதே என்கிறார், அடுத்த மூச்சில் மனுஷகுமாரன் (தன்னைத்தான் அப்படிச் சொல்கிறார்) பாடுபட்டுக் கொலையுண்ண வேண்டும் என்கிறார், பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான், 'எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே' என்று வாங்கிக்கட்டிக்கொள்கிறான். நான்கைந்து வசனத்துக்குள் இத்தனையும். பட்டம் சரி, ஆனால் பேதுரு மனதில் இருந்த வேலை வேறு என்று ஐயர் விளக்கினார். ரோமர்களைத் துரத்தி தாவீதின் சிங்காசனத்தை நிமிர்த்துகிற ராஜாதான் அன்றைக்குப் பலர் மனதில் இருந்தது. எல்லார் மனதிலும் ஒரே படம் இல்லை என்பதையும் சொன்னார். சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஆரோனின் மேசியா (ஆசாரியன்), இஸ்ரவேலின் மேசியா (ராஜா) என்று இரண்டு பேரை எதிர்பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பார் கோக்பாவை யூத அறிஞர் ரபி அகிபா மேசியா என்று ஏற்றுக்கொண்டதாக யூத மரபு சொல்கிறது, 135இல் அந்தக் கலகம் நசுக்கப்பட்டது, கதை முடிந்தது. செத்துப்போன மேசியா என்றால் தோற்றுப்போன மேசியா என்பதுதான் எல்லோரும் போட்ட கணக்கு. சிலுவையில் தொங்கிய ஒருவரைப் பிடித்துக்கொண்டு 'இவர்தான்' என்று முதல் சீடர்கள் சொன்னது யூதக் காதுக்கு எவ்வளவு அபத்தமாகக் கேட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகள் ஆராதனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், அப்போதெல்லாம் வராத யோசனை.

புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபம் பற்றிய வகுப்பும் நன்றாகவே இருந்தது. ஆசாரியன் என்றால் லேவி கோத்திரம், இயேசுவோ யூதா கோத்திரம், அப்புறம் எப்படி அவர் பிரதான ஆசாரியர்? இந்தச் சிக்கலை அந்த நிருபமே ஒளிக்காமல் எடுத்துப்போட்டு, லேவி பிறப்பதற்கு முன்பே ஆபிரகாமை ஆசீர்வதித்த ஆசாரியனான மெல்கிசேதேக்கையும் 110ஆம் சங்கீதத்தையும் சாட்சிக்கு இழுத்து வாதாடுகிறது, நல்ல வக்கீல் கட்டு படிப்பதைக் கேட்கிற சுகம். தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்ற மூன்று பொறுப்புகளையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்ப்பது நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் காலத்திலேயே இருக்கிறது, அதை விரித்து ஒழுங்குபடுத்தியவர் பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் என்றார்.

சரி, இனி குறைகள். ஏசாயா 7:14 ('ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்' என்ற வசனம்) வந்த வாரம் கொஞ்சம் சூடு. எபிரெயத்தில் 'அல்மா', இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பில் 'பார்த்தெனோஸ்', கன்னி. மத்தேயு எடுத்தாள்வது கிரேக்கத்தை. ஏசாயா அதை முதலில் சொன்னது ஆகாஸ் ராஜாவுக்கு, அவன் காலத்துப் போர் நெருக்கடியில். ஐயர் இதை நேர்மையாகச் சொன்னார், ஒருவர் கோபப்பட்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே போய்விட்டார். அதற்கப்புறம் ஐயர் பயந்துவிட்டாரோ என்னவோ, பாடுபடும் ஊழியனைப் பற்றிய ஏசாயா 53ஐ யூதர்கள் பலர் இஸ்ரவேல் ஜனத்தையே குறிப்பதாக வாசிக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடினார். அங்கேதான் நிற்க வேண்டும், என்னைக் கேட்டால்.

ஆறாவது வாரம் சுத்த சொதப்பல். நிசேயா 325, கான்ஸ்டான்டிநோபிள் 381, எபேசு 431, கல்சிதோன் 451, கிறிஸ்து யார் என்று விவாதித்த நான்கு திருச்சபைச் சங்கங்களையும் ஒரே மாலையில் அடைத்தால் என்ன ஆகும், ரயில்வே அட்டவணை வாசித்த மாதிரி ஆனது. ஆரியுஸ் என்ற போதகர் 'குமாரன் (அதாவது கிறிஸ்து) இல்லாத ஒரு காலம் இருந்தது' என்றார், நிசேயா இல்லை என்றது, சரி. ஆனால் குமாரன் படைக்கப்பட்டவர் என்றால் மீட்பு என்ன ஆகிறது என்பதுதானே சண்டையின் உயிர், அதுவே வரவில்லை. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லும் கல்சிதோனின் 'குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி' என்ற நான்கு 'இன்றி'களையும் எழுதிக்கொள்ளச் சொன்னார், எழுதிக்கொண்டோம். பக்கத்துக் கேரளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை கல்சிதோனை ஏற்காத மரபைச் சேர்ந்தது, அதைத் தொட்டிருந்தால்கூட விஷயத்துக்கு உயிர் வந்திருக்கும்.

அந்த மாலையைக் காப்பாற்றியது பாளையங்கோட்டையிலிருந்து சேர்ந்திருந்த ஒரு அக்கா. மைக்கை அணைக்க மறந்து குக்கர் விசில் எல்லாருக்கும் கேட்கிறது, அதற்கு நடுவில் கேட்டார்: "ஐயா, தான்தான் மேசியான்னு இயேசுவுக்கு எப்போ தெரியும்? தொட்டில்லயேவா?" ஐயர் சிரித்தார், ஆனால் தட்டிக்கழிக்கவில்லை. ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று லூக்கா சொல்வதையும், அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு சொல்வதையும் எடுத்துவைத்து, முழு மனிதன் என்று அறிக்கையிட்டால் மனித மனதையும் சேர்த்துத்தான் என்றார். நான்காம் நூற்றாண்டு ஆயர் அப்பொல்லினாரியுஸ் அந்த மனித மனதைத்தான் விட்டுவிட்டார், அதற்கு அதே காலத்து ஆயர் நசியான்சுவின் கிரகோரியார், எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்று பதில் சொன்னார். திட்டமிட்ட பாடத்தைவிட அந்தப் பத்து நிமிடம் மேல்.

ஏழாவது வாரத்தில் 'அவதாரம்' என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாமா என்ற விவாதம். சென்னை மேயராகவும் இருந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் வெங்கல் சக்கரை இயேசுவை அவதாரம் என்றே எழுதியவர், ஆனால் வந்து போகிற அவதாரம் இல்லை, ஒரே தரம் வந்து நிலைத்திருப்பது என்று வேறுபடுத்தினார். இதற்கே தனி வகுப்பு வைக்கலாம், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எட்டாவது வாரம் சான்றிதழும் குழுப் படமும்.

வசதிகள் பற்றி. ஆறு மணி வகுப்பு ஒருநாளும் ஆறேகாலுக்கு முன் ஆரம்பித்ததில்லை. குறிப்புகளை பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புகிறார்கள், போனில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது, யூனிகோடில் தாருங்கள் என்று கேட்டதற்கு 'அண்ணே, கம்ப்யூட்டர்ல எழுத்துருவை ஏத்திக்கோங்க' என்று பதில். பதிவு செய்த காணொளி ஏழு நாள்தான் இருக்கும், வெளியூர் போகிறவர்கள் கவனிக்க.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வேதாகமக் கல்லூரியில் படித்தவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. என்னைப் போல வசனம் தெரிந்து அர்த்தம் தெரியாதவர்களும், கிறிஸ்தவர் அல்லாமல் விஷயம் தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் தாராளமாகச் சேரலாம், எங்கள் குழுவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், மாறச்சொல்லி யாரும் அவர்களை நச்சரிக்கவில்லை. முதல் மூன்று வாரத்தைத் தவறவிடாதீர்கள். ஆறாவது வாரம் வீட்டில் விசேஷம் இருந்தால் போய்விட்டு வாருங்கள், கடைசியில் கேள்வி நேரத்துக்கு மட்டும் உள்ளே வந்தால் போதும்.