ராப் பதிய யாழ்ப்பாண ஸ்டூடியோக்கள் எப்படி?

கோயில் பாட்டுக்கும் விளம்பரக் குரலுக்கும் இஞ்சத்தைச் சின்ன ஸ்டூடியோக்கள் குறையில்லை. ராப்புக்கு எண்டால் அரைக் கிணறு தாண்டின கதைதான்.

முதல் வில்லங்கம் ரிவேர்ப், குரலுக்குச் சேர்க்கிற எதிரொலி மாதிரியான முழக்கம். பக்திப் பாட்டு அளவுக்குப் போட்டால் சொல்லோட சொல் ஒட்டி, வரி விளங்காது. குரலை வெறுமனே பதியச் சொல்லிக் கேளுங்கோ. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, பாப் ஃபில்டருக்கு (மைக்குக்கு முன்னால் வைக்கிற காத்துத் தடுக்கும் வலை) பின்னால் கொஞ்சம் சரிஞ்சு நிண்டால் 'ப' வெடிக்காது. டைல்ஸ் தரை எண்டால் கம்பளம் விரிக்கோணும். ஏசி ஓடேக்க பதியவே வேண்டாம். பீட்டை, அதாவது பின்னணி இசையை, ஒரே எம்பி3 ஆகக் கொண்டுபோனால் குரலுக்காக பேஸை (அடித்தொனியை) மட்டும் சுத்தமாக் குறைக்கேலாது. டிரம், பேஸ் தனித்தனி வேவ் கோப்பாக, பிபிஎம்மும் (நிமிஷத்துக்கு எத்தினை தட்டு எண்ட வேகம்) எழுதிக் குடுங்கோ.

இங்க ராப் வளரப் பிந்தினதுக்கு ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்லேலாது. உலகமே ராப் கேட்ட 90களில் போரால இங்க கனகாலம் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோ சுத்தித்தான் பாட்டுக் கேட்டது. தனியார் தமிழ் எஃப்எம்களும் இரவு மேடைகளும் கொழும்பிலேயே வளர்ந்தது.

இப்பவும் மேடைக்குச் சவுண்ட் செட் வாடகைக்கு எடுத்தால் பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரைத் தனியாக் கேட்டு வாங்கோணும். திருவிழா ஹோர்ன் ஸ்பீக்கரில் 808 பேஸ் (ராப்பில வாற டிரம் மெஷினின் ஆழமான அடி) எடுபடவே எடுபடாது.