கோயில் இணையதளத்துக்கு மூன்று வருடம் ஓட்டிய தீம்: கீழ்ப்பட்டை அருமை, ஸ்லைடர் தீராத தலைவலி

மதுரையில் எங்களுடையது ஒரு கத்தோலிக்கக் கோயில். பக்கத்துப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் வட்டாரம்) ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள்: "உங்கள் கோயில் இணையதளம் போனில் நன்றாகத் திறக்கிறது, அதே தீம், அதாவது தளத்தின் தோற்ற வார்ப்பு, நாங்களும் வாங்கலாமா?" தீமின் பெயர் அவர்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடுவது, கோயில்களுக்கென்றே விற்பது, வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டியது. திரைக்கேற்ப மடங்குவது, மூன்று கோடு மெனு எல்லாம் இன்று எந்த தீமிலும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, மூன்று வருடத்தில் நிஜமாகவே உதவியதையும் உயிரை வாங்கியதையும் சொல்கிறோம்.

முதலில் நல்லது. போனில் திறந்தால் திரையின் அடியில் ஒரு பட்டை அசையாமல் நிற்கும். அதில் மூன்றே பொத்தான்: திருப்பலி நேரம், அழைக்க, வழி. கோயில் தளத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. ஒரு கையில் போனைப் பிடித்திருக்கும்போது கட்டைவிரல் எட்டுவதும் அந்த இடம்தான். பொத்தானின் உயரம் 48 பிக்சல். பெரியவர்கள் விரலுக்கும் தப்பாது. இதை ஒரு வரமாகவே நினைக்கிறோம்.

அதிலும் மூன்று இடம் கவனிக்க வேண்டும். அழைக்கும் எண்ணை 0452 என்று போடாதீர்கள். உள்ளூரில் வேலை செய்யும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திருமுழுக்குச் சான்றிதழுக்காகக் கூப்பிடுகிறவருக்கு இணைப்பு போகாது. பிளஸ் 91, சைபர் இல்லாமல் 452, பிறகு எண். இரண்டாவது, பட்டை பக்கத்தின் கடைசி வரிகளை மறைத்துவிடும். பக்கத்தின் அடியில் 64 பிக்சல் காலி விட வேண்டும். ஹோம் பொத்தான் இல்லாத ஐபோன்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம். மூன்றாவது, வழி காட்டும் குறியை வளாகத்தின் நடுவில் வைக்காதீர்கள், வண்டி நுழையும் வாசலில் வையுங்கள். நடுவில் வைத்தால் மேப் சில நேரம் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இனி ஸ்லைடர், அதாவது படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பகுதி.

முகப்பில் ஆறு படம் ஓடுகிறது: கொடியேற்றம், தேர்பவனி, புதுநன்மை, பங்குப் பொங்கல், இன்னும் இரண்டு. ஒவ்வொன்றும் 1920 பிக்சல் அகலம், 600 முதல் 700 கேபி. மொத்தம் ஏறக்குறைய 4 எம்பி. 3 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கிற இடத்தில் அது இறங்கவே 10 நொடிக்கு மேல் ஆகும். திரையில் இருப்பதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ வர 2.5 நொடிக்குள் என்பதுதான் கூகுள் வைத்திருக்கும் நல்ல அளவு. திருவிழா அன்று வளாகத்தில் எல்லோரும் ஒரே டவரில் தொங்கும்போது அந்த 3 எம்பிபிஎஸ்ஸும் கிடைக்காது.

படம் வந்து சேர்ந்தாலும் படிக்க முடியாது. டிஜிட்டல் பிரிண்ட் கடையில் ஃப்ளெக்ஸுக்குச் செய்த டிசைனையே ஸ்லைடரில் ஏற்றிவிடுகிறோம். நவநாள் நேரம், மறையுரை ஆற்றுபவர் பெயர் எல்லாம் படத்துக்குள்ளேயே எழுத்தாக இருக்கும். 1920 அகலப் படம் 360 அகலத் திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. 40 பிக்சல் எழுத்து 7.5 பிக்சல் ஆகிவிடும். கண்ணாடி போட்டவரும் படிக்க முடியாது, கூகுளும் தேட முடியாது, பார்வை இல்லாதவரின் போன் அதை வாசித்தும் காட்டாது.

எங்களுக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. தீம் அமைப்பில் "மொபைலில் மறை" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் ஸ்லைடர் போனில் தெரியாது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். தீரவில்லை. அந்த சுவிட்ச் படத்தைக் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, இறங்குவதை நிறுத்தவில்லை. ஆறு படமும் ஸ்லைடரின் ஸ்கிரிப்டும் (அதை ஓட்டும் நிரல்) பின்னால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மக்களின் டேட்டா போய்க்கொண்டே இருக்கும். கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, மொபைல் காட்சிக்கு மாறி, நெட்வொர்க் தாவலில் படங்களை மட்டும் வடிகட்டிப் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். மறைத்த படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

சரியான வழி, வேரோடு எடுப்பது. சைல்டு தீம் (மூல தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) ஒன்று செய்து, முகப்புப் பக்கத்திலிருந்து ஸ்லைடரின் குறியீட்டை நீக்கி, அதன் ஸ்கிரிப்டும் ஸ்டைலும் ஏறாதபடி நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு படம்: 1080 பிக்சல் அகலம், வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவம், 150 கேபிக்குள். அகலமும் உயரமும் எண்ணாகக் குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் படம் தாமதமாக வந்து கீழே உள்ளதைத் தள்ளிவிடும். நேரத்தைத் தொடப்போன விரல் நன்கொடைப் பொத்தானில் விழும். இந்த முதல் படத்துக்கு மட்டும் சோம்பல் ஏற்றம் (லேசி லோடிங், அருகில் உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்குவது) வைக்கக் கூடாது. திருவிழாப் படங்களுக்குத் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள். எல்லோர் படமும் அங்கே இருக்கும், எந்த அன்பியத்துக்கும் (பங்கின் சிறு குடும்பக் குழு) மனவருத்தம் வராது.

செய்தோம். ஆனால் தீமுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் நிர்வாகப் பக்கத்தின் தலையில் "இந்த பிளகின் (கூடுதல் செருகுநிரல்) அவசியம் தேவை" என்று ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். தெரியாமல் யாராவது அழுத்தினால் ஸ்லைடர் பிளகின் மறுபடி உள்ளே வந்து, எல்லாப் பக்கத்திலும் தன் ஸ்கிரிப்டை ஏற்றும். அறிக்கை போட உள்ளே வரும் இளைஞர்கள் அழுத்தத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் நான்கு முறை இதைக் கழற்றியிருக்கிறோம்.

தமிழ் எழுத்துக்கும் இந்த தீம் கொஞ்சம் அநியாயம்தான் செய்கிறது. தலைப்புகளுக்கு வரி உயரம் 1.1 என்று வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் கீழ்வரியின் 'கீ'யில் இருக்கும் சுழி மேல்வரியின் 'கு'வில் முட்டும். 1.5 ஆக்குங்கள், உடல் எழுத்துக்கு 1.7. எழுத்துகளுக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளியைச் சைபராக்குங்கள். இருபக்கமும் சமமாக நிரப்பும் அமைப்பை எடுத்துவிடுங்கள். நம் சொற்கள் நீளம், குறுகிய திரையில் வரிக்கு இரண்டு சொல் நின்று நடுவில் வாய்க்கால் ஓடும். "காலை" ஒரு வரியிலும் "6.00" அடுத்த வரியிலும் போகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே உடையாத இடைவெளி (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) போடுங்கள். பழைய பங்குமடலைப் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவிலிருந்து ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, 'கொ', 'போ' வருகிற சொற்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். கொம்பு இடம் மாறினால் புள்ளி வட்டம் வந்துவிடும்.

திருப்பலி நேரத்துக்கு ஏழு நாள், ஐந்து நெடுவரிசை கொண்ட அட்டவணை தீமிலேயே வருகிறது. போனில் அது பக்கவாட்டில் இழுக்க வேண்டியதாகிவிடும். ஞாயிறு மாலைத் திருப்பலி கடைசி நெடுவரிசையில் மறைந்துகொள்ளும். ஞாயிறு, கிழமை நாட்கள், சனி நவநாள் என்று மூன்று பத்தியாக எழுதினாலே போதும்.

நேரத்துக்கு மேலே சிறப்பு அறிவிப்புக்கு ஒரே ஒரு வரி இடம் உண்டு. தீமின் இரண்டாவது நல்ல விஷயம் இது. மதுரைக்கு இந்த வரி எவ்வளவு அவசியம் என்பதற்கு 2019 ஒன்று போதும். ஏப்ரல் 18 பெரிய வியாழன். அன்றே மக்களவைத் தேர்தல், அன்றே மீனாட்சியம்மன் தேரோட்டம், வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை. மறுநாள் பெரிய வெள்ளி, அழகர் ஆற்றில் இறங்கிய நாளும் அதுவே. அப்படி ஒரு நாளில் நேரம் மாறினால், எந்த வழி அடைப்பு என்று சொல்ல வேண்டியிருந்தால், ஃப்ளெக்ஸ் டிசைன் வரும்வரை காத்திருக்க முடியாது. போனிலிருந்தே ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். செய்ததும் கேஷை (தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை) அழியுங்கள். அழிக்காவிட்டால் வருகிறவர்களுக்குப் பழைய நேரமே தெரியும். பாஸ்கா திருவிழிப்புக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவு வழிபாடு) ஒரு மணி நேரம் பிந்தி வந்து நிற்பார்கள்.

யூடியூப் நேரலையை அப்படியே பதிக்காமல் ஒரு படம் வைத்து, தொட்டால் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண்ணை ஐபோன் தொலைபேசி எண்ணாக எடுத்துக்கொள்ளக்கூடும். எண்ணைத் தானாகக் கண்டறிவதை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு வாங்க வேண்டாம் என்றால் கேட்டவர்களுக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். கீழ்ப்பட்டையையும் அறிவிப்பு வரியையும் முப்பது நாற்பது வரியில் எந்த இலவச தீமிலும் சேர்த்துவிடலாம். இந்த ஸ்லைடரை ஐந்தாவது முறை கழற்ற எங்களுக்குப் பொறுமை இல்லை. இந்த வருடம் நாங்களும் புதுப்பிக்கப் போவதில்லை. பட்டைக்கான வரிகளை அந்தப் பங்குக்கு அனுப்பிவைக்கிறோம். எண்ணையும் வாசல் குறியையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.