டைப்பைத் தப்பாக எழுதினால் எந்த கம்பைலர் ஒழுங்காகச் சொல்கிறது?

பாளையங்கோட்டையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் லாஜிக்கில் தடுமாறுவதைவிட டைப் (மதிப்பு எண்ணா எழுத்தா என்று அதன் வகையைச் சொல்வது) எழுதும் முறையில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவி ஜாவாவில் லிஸ்ட்<இன்ட்> என்று அடித்துவிட்டு அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதிர்பாராத டைப். தேவை: ரெஃபரன்ஸ். கிடைத்தது: இன்ட்" என்று கம்பைலரிடமிருந்து, அதாவது நாம் எழுதிய நிரலைக் கணினிக்கு மாற்றித்தரும் மென்பொருளிடமிருந்து, செய்தி வந்திருந்தது.

"இன்ட்டு தப்பாம்லா சார்? மேல் வரியில இன்ட்டுன்னுதான எழுதியிருக்கேன், அங்க ஒண்ணும் சொல்லலையே!"

செய்தியில் பிழை இல்லை. லிஸ்ட்டுக்குள் ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் டைப்தான் வரலாம்; இன்ட் நேரடி எண். ஆனால் ரெஃபரன்ஸ் என்றால் என்ன என்று தெரிந்தவர் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டாரே! கோ மொழியில் சி பழக்கத்தில் 'இன்ட் எக்ஸ்' என்று எழுதினாலும் இதே கதைதான். வரி முடிய வேண்டிய இடத்தில் எக்ஸ் வந்துவிட்டது என்று இடத்தைக் காட்டும். பெயர் முன்னால், டைப் பின்னால் என்று சொல்லாது.

ரஸ்ட் மொழி இதில் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஃபங்ஷன் திருப்பித்தரும் டைப்புக்கு முன் -> போடாமல், கோட்லின் மொழிப் பழக்கத்தில் முக்காற்புள்ளி வைத்துப் பாருங்கள். "திருப்பித்தரும் டைப்பை -> கொண்டு குறிக்க வேண்டும்" என்று சொல்லி, மாற்ற வேண்டிய குறியையும் காட்டும். இது தானாக வந்ததல்ல. மற்ற மொழிக்காரர்கள் இங்கே எப்படித் தப்புவார்கள் என்று யோசித்து, அந்தத் தப்பான வடிவத்தையும் பார்சர் (கம்பைலரில் நிரலை இலக்கணப்படி படிக்கும் பகுதி) படித்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறார்கள். படித்த பிறகுதான் குறை சொல்கிறது. அப்புறம் மேற்கொண்டு போய் மிச்சப் பிழைகளையும் காட்டுகிறது. ஒவ்வொரு தப்புக்கும் தனிக் கிளை என்பதால் பார்சர் பெருக்கும், பராமரிப்பும் கூடும். யாரும் யோசிக்காத தப்பு வந்தால் ரஸ்ட்டும் "இவற்றில் ஒன்று வேண்டும்" என்று குறிகளின் பட்டியலைத்தான் நீட்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

எல்ம் என்ற மொழி 2015-லேயே பிழைச் செய்தியில் வாக்கியமாகப் பேசத் தொடங்கிவிட்டது. 2016-ல் ரஸ்ட் தன் செய்திகளை மாற்றியபோது அதன் பாதிப்பும் இருந்தது. முதல் மாதத்துக்கு எல்ம் நடை அருமை, பிறகு நீளம் அலுக்கிறது.

சி++ கதை வேறு. வெக்டர்<வெக்டர்<இன்ட்>> என்று எழுதினால், கடைசி >> ஷிஃப்ட் குறியாக, அதாவது பிட்டுகளை நகர்த்தும் குறியாகப் படிக்கப்பட்டது. நடுவில் இடம் விடச் சொல்லி ஜிசிசி என்ற கம்பைலர் தெளிவாகவே சொன்னது. 2011 தரநிலை இலக்கணத்தையே மாற்றியது. அந்தச் செய்திக்கே வேலையில்லாமல் போனது.

ஜாவாவுக்கு அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். அடிப்படை டைப்புகள் மொத்தம் 8. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் ஜோடி உண்டு: இன்ட் என்றால் இன்டிஜர், லாங் என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் லாங் என்று 8 ஜோடி. "இன்டிஜர் என்று எழுதிப் பாருங்கள்" என்ற ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அரைமணி நேரம் மிஞ்சியிருக்கும்.